கவுன் கட்டிய கால்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஒரு முஸ்லிம் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, சைதுன் பீவியின் இடது காலைப் பார்க்காதவர்கள் கிடையாது. நேராகப் பார்த்தால் தப்பாகிவிடும். அதனால் "என்னா சைதுன், சொகமா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கண்ணைச் சேலைக் கரைக்குக் கீழே இறக்குவார்கள். கால் இன்றைக்கு என்ன பருமன், எத்தனை தெரு தாங்கும் என்று ஒரு மதிப்புப் போடுவார்கள்.

"சந்தையில மாட்டக்கூட பல்லத்தான் புடிச்சிப் பாப்பானுங்க" என்று சைதுன் பீவி எரிந்து விழுவாள். "இந்த ஊர்ல என் காலப் பாக்குறாளுவ."

அழைப்பு சொல்வது அவள் வேலை. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகை ஆம்பளைகளுக்காக அச்சடிக்கிற காகிதம். வெயில் காலத்தில் விசிறிக்கொள்ளலாம். பெண்களுக்கு வாயால் சொன்னால்தான் அழைப்பு. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி வரவேண்டும். நிலைப்படியைத் தாண்டி வீட்டுக்குள் கால் வைக்கவேண்டும். சலாம் சொல்லி, இன்னார் வீட்டுப் பெண்ணுக்கு இன்ன கிழமை நிக்காஹ், அன்றைக்கு உங்கள் வீட்டு அடுப்பு எரியக் கூடாது என்று சொல்லவேண்டும். தெருவில் மடக்கிச் சொன்னது சேராது. ஜன்னல் வழியாகச் சொன்னது சேரவே சேராது.

இதுகூடப் பரவாயில்லை. வரிசை என்று ஒரு வம்பு இருக்கிறது. உறவில் மூத்த வீட்டுக்குத்தான் முதலில் போகவேண்டும். பெரிய மாமி தெருவின் தெற்குக் கோடியில் இருப்பாள். அதற்கு அடுத்த மாமி வடக்குக் கோடியில் இருப்பாள். மூன்றாமவள் மறுபடியும் தெற்கே, பெரிய மாமிக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்து தொலைப்பாள். பக்கத்து வீடுதானே, போகிற போக்கில் சொல்லிவிடலாம் என்று நுழைந்தால் தீர்ந்தது. "எனக்கு முன்னாடி அவளுக்கா?" என்று வடக்குக் கோடி பொங்கும். ஆக, கல்யாணக்காரர்களின் உறவுமுறையை சைதுன் பீவியின் கால்தான் நடந்து தீர்க்கவேண்டும். யார் யாருக்கு மூத்தவள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அவள் தலையில் அச்சுப் பிசகாமல் இருந்தது.

கால்தான் வம்பு செய்தது. ரங்கூனுக்குப் போன புருஷன் முஹம்மது இஸ்மாயில் அங்கேயே மவுத்தாகிப் போன பிறகு, வருகிற காய்ச்சல் எல்லாம் அந்தக் கணுக்காலில்தான் வந்து இறங்கிற்று. ஒவ்வொரு காய்ச்சலும் போகும்போது கொஞ்சம் வீக்கத்தை விட்டுவிட்டுப் போகும். கடலூரில் பாதி வீட்டில் ஒரு யானைக்கால் உண்டு. ஆனால் ஊரில் யாருக்குமே அது இல்லை என்றுதான் பேச்சு. சைதுன் பீவியும் "சுளுக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், பல வருஷமாக.

மஞ்சக்குப்பத்து ஆஸ்பத்திரியில் கண்ணாயிரம் என்று ஒரு கம்பவுண்டர். அவர் சுளுக்கை எல்லாம் நம்பவில்லை.

"இத கொறைக்க மருந்து கெடையாதும்மா. ஏறாம வச்சிக்கலாம். தெனம் சோப்பு போட்டுக் கழுவி, இழுவத் துணியால விரல்லேருந்து முட்டி வரைக்கும் இறுக்கிச் சுத்தணும். அவுந்து தொங்கிச்சின்னா சுத்தாததுக்குச் சமம்" என்று சொல்லி ஒரு கட்டுத்துணியும் கொடுத்தார். சந்தன நிறத்தில் நன்றாகத்தான் இருந்தது. நாலு தடவை துவைத்ததும் அதன் இழுவை போய்விட்டது. அப்புறம் சைதுன் பீவி பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள். காலையில் இறுக்கிக் கட்டுவாள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அது வழிந்து கணுக்காலில் வளையல் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். மழைக்காலமானால் தெருத் தண்ணீரைக் குடித்து, காலோடு அதன் எடையையும் சேர்த்துத் தூக்கவேண்டும்.

அப்படி ஒரு மழை நாளில்தான், ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு சொல்ல ரயிலேறிப் போன சிதம்பரத்தில், அந்த அசிங்கம் நடந்தது. கடைசித் தெருவில் கடைசிக்கு முந்தின வீட்டோடு அவள் கால் நின்றுவிட்டது. மிச்சம் ஒரே ஒரு வீடு, சைனம்பு வீடு. சைதுன் பீவி அந்த வீட்டுக் கொல்லைச் சுவரோரம் நின்று, "சைனம்பூ! வெள்ளிக்கெழம நிக்காஹ், எல்லாரும் வந்துருங்க!" என்று சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பதில் வரவில்லை. காதில் விழுந்துவிட்டது என்று இவள் ரயிலுக்குத் திரும்பிவிட்டாள்.

சைனம்பு கல்யாணத்துக்கு வரவில்லை. அவள் வீட்டு ஆம்பளைகளும் வரவில்லை. "செவுத்துக்கு மேல சொல்றதுக்கு நாங்க என்ன காக்காவா?" என்று கேட்டனுப்பினாள். அந்தக் கேள்வி சிதம்பரத்திலிருந்து ஓ.டி. வரைக்கும் ரயிலில் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊரான கிள்ளையில் ஒருத்தி துப்பட்டியைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள், இந்த வேலைக்கு. அவளுக்கு ஞாபகம் கிடையாது. பெரியம்மாவையும் சின்னம்மாவையும் மாற்றிச் சொல்வாள். ஆனால் கால் இரண்டும் ஒரே அளவு.

இந்த எரிச்சல் போதாது என்றுதான் அறுபத்தெட்டாம் வருஷம் கோடையில் தம்பி அப்துல் வதூது பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தான்.

கடல் தாண்டிப் போன சபராளி வந்து இறங்கினால் தெரு முழுக்க வாசலில் நிற்கும். கோடாலித் தைலம், மடக்குக் குடை, டார்ச் லைட், பூப்போட்ட கைலி என்று ஆளாளுக்கு ஒன்றை மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். வதூது பெட்டியைத் திறந்தான். அந்துருண்டை வாசனை அடித்தது. உள்ளே கவுன்கள். கிளிப்பச்சையில் ஆரஞ்சுச் சுழி போட்டது, கத்திரிப்பூ நிறத்தில் கட்டம் போட்டது, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று. பெட்டியின் அடி வரைக்கும் வெள்ளைக்காரப் பெண்களின் பழைய கவுன்கள்.

"என்னாடா இது?"

"கவுனு, லாத்தா."

"கவுனுன்னு கண்ணுக்குத் தெரியிது. யாரு போடறதுக்கு? நானா?"

வதூது அங்கே சலவைக் கடையில் இருந்தவன். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, வெளுக்கப் போட்ட துணியைத் திரும்பி வாங்க யாரும் வரவில்லை. கடையும் மூடியாயிற்று. முதலாளி சம்பள பாக்கிக்குப் பதில் துணியை அள்ளிக்கொள்ளச் சொன்னார். இவன் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"சாதாரணத் துணின்னு நெனக்காதீங்க. இது பாலியஸ்டர். டெரிலினுக்கு அண்ணன். அது நெய்யிறது, இது பனியன் மாதிரி பின்னுறது." அவன் ஒரு கவுனின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தான். அது முழ நீளம் நீண்டது. விட்டான். சுருங்கிப் பழையபடி ஆயிற்று. "பாத்தீங்களா? கிழியாது, கசங்காது, சாயம் போவாது, மக்காது. தண்ணி ஒட்டாது."

"தண்ணி மட்டுமா? ஒனக்கு யாரு சொன்ன புத்தியும் ஒட்டாதுடா" என்றாள் சைதுன் பீவி. வாசலில் நின்ற தெரு, கோடாலித் தைலத்தைப் பற்றிய நம்பிக்கையை இழந்து மெல்லக் கலைந்தது.

ஆள் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். பெட்டி நிறையத் துணி இருந்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. தினமும் காலையில் சாயாவைக் குடித்துவிட்டு, "ரசியா, ஒரு யோசன" என்று ஆரம்பிப்பான். அவன் பெண்சாதி ரசியா நல்ல பெண். முதல் நாள், ஆசையாகவே கேட்டாள்.

முதலில் அவளுக்கு ரவிக்கை. தையல்கார சுப்பராயலு துணியைக் கையில் வாங்கும்போதே முகத்தைச் சுளித்தார். மிஷின் ஊசி இரண்டு தையல் போட்டால் மூன்று தையல் தாண்டிற்று. வெட்டும்போது ஒரு அளவு, தைக்கும்போது ஒரு அளவு, கொடுக்கும்போது இன்னொரு அளவு. கடைசியில் ஒரு கை முழங்கையோடும் மறு கை மணிக்கட்டோடும் ஒரு ரவிக்கை வந்தது. "துணிதான் பாய் நெளியிது, நான் நேராத்தான் தச்சேன்" என்றார் சுப்பராயலு. கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார், பெட்டியின் அடியோடு முதுகுத்துணி வந்துவிட்டது. மிச்சத்தை ரசியா அரை நாள் போட்டுப் பார்த்தாள். கடலூர் அக்கினி வெயிலில், காற்று உள்ளே போகவும் வழியில்லாமல் வேர்வை வெளியே வரவும் வழியில்லாமல், அவள் புழுங்கிப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது கரித்துணி. அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கினாள் சைதுன் பீவி. துணி கையை விட்டுவிட்டுப் பானையோடு போய்விட்டது. பானையின் கழுத்தில் கிளிப்பச்சையில் ஒரு மாலை, இன்றைக்கும் சுரண்டினால் வராது. அப்புறம் தரை துடைக்கப் போட்டான். அது தண்ணீரை உறிஞ்சவில்லை. கூட்டிக்கொண்டு வீடு முழுக்க ஊர்வலம் போயிற்று. நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழிய ஒரு துண்டு கொடுத்தான். பிழியப் பிழிய அது பலூன் மாதிரி உப்பி, ஒரு முக்கில் ஓட்டை கண்டு, பாலை எல்லாம் ரசியா முகத்தில் அடித்தது. நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது, பால் வாய்க்குள் போய்விடக் கூடாது. வாயைத் திறந்து திட்டக்கூட முடியாமல் அவள் நின்றாள்.

இருந்ததிலேயே பெரிய யோசனை ஏணை. உத்திரத்திலிருந்து ஒரு முழுக் கவுனை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு, முந்தின வருஷம் லீவில் வந்துபோனதற்கு அடையாளமான தன் எட்டு மாசப் பிள்ளையைப் படுக்கவைத்தான்.

"கிழியவே கிழியாது" என்றான்.

கிழியவில்லை. சைதுன் பீவி தாலாட்ட ஆரம்பித்தபோது பிள்ளை இடுப்பு உயரத்தில் இருந்தான். பாட்டுப் போகப் போக முழங்கால் உயரத்துக்கு வந்தான். முடிக்கும்போது பாயில் உட்கார்ந்திருந்தான். உத்திரத்துக்கும் பாய்க்கும் நடுவில் கத்திரிப்பூக் கட்டங்கள் ஒவ்வொன்றும் புடலங்காய் நீளத்துக்கு நீண்டிருந்தன. தூக்கி எடுத்ததும் கவுன் படக்கென்று மேலே போய் உத்திரத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் இன்னொரு தடவை வேண்டும் என்று அழுதான்.

"யா அல்லா! இந்தத் துணிய ஒழிச்சிக் கட்ட ஒரு வழி காட்டு" என்று சைதுன் பீவி வாய்விட்டே கேட்டாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன், ஜரிகை உண்டா என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டான். வாசலுக்கு வந்த பக்கீர், துணியைத் தொட்டுப் பார்த்து, பதவிசாக மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு துஆ மட்டும் செய்துவிட்டுப் போனார். கொளுத்திப் பார்த்தாள், கறுப்பாகச் சொட்டிற்று, தெருவே மூக்கைப் பிடித்தது. கொல்லையில் புதைத்தாள். முதல் மழையில் மண்ணை விலக்கிக்கொண்டு ஆரஞ்சுச் சுழி எட்டிப் பார்த்தது, போட்ட அன்றைக்கு இருந்த அதே பளபளப்போடு.

"நாந்தான் சொன்னேனே, மக்காதுன்னு" என்றான் வதூது, பெருமையாக.

நோன்பு பாதி தாண்டியபோது சிதம்பரத்து இரும்புக் கடை ரஃபியுதீன் வந்தார். அவர் வீட்டு மூன்று கல்யாணத்துக்கும் சைதுன் பீவிதான் அழைப்பு சொன்னவள். இப்போது கடைசிப் பெண்ணுக்கு நிக்காஹ். வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்தார். கையை மட்டும் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க லாத்தா. வூட்டுல ஒரே பேச்சு. போன தடவ சைனம்பு விசயம் ஒங்களுக்கே தெரியும். அவ எங்களுக்குக் கடைசி வூடுதான், ஆனா அவ வராம போனா என் பொண்டாட்டி வூட்டுப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டாங்க. கிள்ளைக்காரி ரெடியா இருக்கா."

"அந்தக் கிள்ளைக்காரிக்கு ஒங்க பெரியம்மா யாருன்னு தெரியுமா? ஒங்க பொண்டாட்டிக்கு வாப்பா கூடப் பொறந்த குப்பி யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா கேட்டுக் கேட்டு நடந்துருவா."

ரஃபியுதீன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பெருநா கழிஞ்சி வர்ற திங்கக்கெழம அழைப்பு. காலையில எங்க வாசல்ல நீங்க வந்து நின்னா நீங்க. கடைசி வூடு வரைக்கும் நீங்களே படி தாண்டணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, கோச்சிக்க மாட்டேன்."

"வர்றேன்" என்றாள். அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

அவர் போனபிறகு ரசியா கேட்டாள். "ஏன் லாத்தா, இந்த ஒரு தடவ அவளே போவட்டுமே. ஒங்க காலு படற பாடு..."

"போவட்டும். அப்பறம் நான் என்னா பண்றது? ஒன் வூட்டு மூலையில ஒக்காந்து பூண்டு உரிக்கட்டா? கல்யாணம்னு ஒன்னு இருந்தா ஊர்ல முதல்ல எனக்குத் தெரியிம். எல்லா வூட்டு வாசப்படியும் எனக்குத் தெறக்கும். நான் போவலன்னா யாரு வூட்டுக்கும் நான் யாரு?" கோபமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் பூண்டு உரிக்காமலே கண் எரிந்தது. ரசியா அடுப்பைக் கிளறப் போய்விட்டாள்.

பெருநாளுக்கு முந்தின வாரம். மழை தொடங்கினதிலிருந்து விறகு பச்சையாகத்தான் கிடைத்தது. மழையில் நனைந்த சவுக்கு மிளார். கயிறு அறுந்துவிட்டது என்று வதூது ஒரு கவுனை நாலு விரல் அகலத்தில் வெட்டி, கட்டைச் சுற்றிக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றியிருந்தான். சைதுன் பீவி எரிப்பதற்கு அதை இழுத்தாள். மிளார் புகையில் காய்ந்து பாதியாகச் சூம்பியிருந்தது. கயிறு போட்ட கட்டானால் இந்நேரம் தொளதொளவென்று கையில் உதிர்ந்திருக்கும். இந்தக் கட்டு உதிரவில்லை. விறகு சூம்பச் சூம்பத் துணியும் கூடவே சுருங்கி, கட்டிய அன்றைக்கு இருந்த அதே பிடியோடு கவ்விக்கொண்டிருந்தது.

அவள் விறகைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். அதுவும் காலையில் சூம்பும், சாயங்காலம் உப்பும்.

"எலவெடுத்த துணி" என்றாள். ஆனால் குரலில் சுருதி குறைந்திருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு காலைக் கழுவித் துடைத்து, விரலிலிருந்து முட்டி வரைக்கும் சுற்றினாள். கிளிப்பச்சையும் ஆரஞ்சுமாக, திருவிழாவில் விற்கிற பொம்மையின் கால் மாதிரி இருந்தது. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தாள். கிணற்றைச் சுற்றி நடந்தாள். அது இறங்கவில்லை. சேற்றில் கால் வைத்தாள். உதறியதும் தண்ணீர் போய்விட்டது. கால் தன்னைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் மஞ்சக்குப்பம் போய் கண்ணாயிரத்திடம் காட்டினாள். அவர் சிரிப்பை அடக்குவதற்கு மருந்துப் புட்டியை எல்லாம் இடம் மாற்றி வைத்தார். அப்புறம் உட்கார்ந்து, சுற்றை அவிழ்த்து, தோலைப் பார்த்து, துணியை இழுத்து விட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா தப்பா சுத்தியிருக்க. பாதத்துல இறுக்கம், மேல போவப் போவத் தளத்தணும். விரல் நீலமாச்சின்னா ஒடனே அவுத்துடு. ராத்திரி அவுத்துட்டு காலத் தலகாணி மேல வச்சிப் படு. வேர்வ தேங்கக் கூடாது, அதனால ரெண்டு துணி வச்சிக்க. ஒன்னு கால்ல, ஒன்னு பையில. அடுப்புகிட்ட மட்டும் இத கட்டிக்கிட்டுப் போவாத."

"அத எங்க பானைக்கிட்ட கேளுங்க, சொல்லும்" என்றாள்.

வீட்டில் வதூதுவிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை முதல் பாசஞ்சரில் சிதம்பரத்தில் இறங்கி ரஃபியுதீன் வாசலில் போய் நின்றாள். ரஃபியுதீன் பெண்சாதி, "வாங்க லாத்தா, சொகமா?" என்று கேட்டுக் கண்ணைக் கீழே இறக்கினாள். சேலைக் கரை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. தாழ்வாரத்தில் கிள்ளைக்காரி, துப்பட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாயா குடித்துக்கொண்டிருந்தாள். சைதுன் பீவி அவளுக்கும் ஒரு சலாம் சொன்னாள். "குடி, குடி. நல்லா சூடா குடி."

பிறகு நடந்தாள். பெரியம்மா வீடு தெற்கே, தாண்டினாள். குப்பி வீடு வடக்கே; தாண்டினாள். மறுபடி தெற்கே. பள்ளிவாசல் தெருவில் ராத்திரி பெய்த மழை கணுக்காலளவு நின்றது. "ரஃபியுதீன் வூட்டுப் பொண்ணுக்கு வர்ற வெள்ளிக்கெழம நிக்காஹ். ஒங்க வூட்டு அடுப்பு அன்னைக்கி எரியக் கூடாது." ஒரு வீட்டில் சீனி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் வெற்றிலை. ஒரு மாமி, போன கல்யாணத்தில் தனக்குக் கறி குறைவாக வைத்த கதையை முதலிலிருந்து சொன்னாள், சைதுன் பீவி நின்றுகொண்டே கேட்டாள். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது ரஃபியுதீன் வீட்டில் ஒரு மூலையில் போய்த் துணியை மாற்றிக் கட்டினாள். ஈரத் துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். தொழுது, ஒரு வாய் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது அது காய்ந்திருந்தது. இந்த ஒரு குணத்துக்காக அந்த வெள்ளைக்காரியை மன்னித்துவிடலாம் போலிருந்தது.

சாயங்காலத் தொழுகையான அஸர் நேரம். கடைசித் தெரு. கடைசிக்கு முந்தின வீட்டை முடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வலது கால்தான் வலித்தது. நல்ல கால் என்று இத்தனை நாள் பேர் வாங்கிய கால்.

சைனம்பு வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. நிலைப்படி மற்ற வீட்டை விட ஒரு சாண் உயரம். சைதுன் பீவி சேலையைச் சற்றே தூக்கினாள். பத்தவில்லை. இன்னும் தூக்கிக் காலை எடுத்து உள்ளே வைத்தாள். முட்டி வரைக்கும் கிளிப்பச்சையும் ஆரஞ்சுச் சுழியும் சாயங்கால வெயிலில் ஜொலித்தன.

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த சைனம்பு, வந்தவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். ரஃபியுதீன் வூட்டுப் பொண்ணுக்கு..."

"என்னாடி அது, கால்ல?"

வருகிற வழியெல்லாம் சைனம்பு எப்படித் திட்டுவாள், அதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று சைதுன் பீவி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். இந்தக் கேள்வி அதில் இல்லை.

"கவுனு" என்றாள்.

"காலுக்கு எதுக்குடி கவுனு?"

"பெனாங்குலேருந்து ஒரு தொரசாணி வந்திருக்கா. அவளும் அழைப்பு சொல்லணும்னா. சரி வான்னு கூட்டிக்கிட்டு வந்தேன்."

சைனம்பு சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க. நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் முகம் மாறிற்று. பாயில் நீட்டியிருந்த தன் கால்கள் மேல் போர்த்தியிருந்த போர்வையை விலக்கினாள். சைதுன் பீவிக்கு ஒரு கால். இவளுக்கு இரண்டும்.

"அன்னைக்கி நீ செவுத்துக்கு அந்தாண்ட நின்ன. நான் இந்தாண்ட கொல்லையில கல்லு மேல ஒக்காந்திருந்தேன்" என்றாள் சைனம்பு. "எந்திரிச்சி செவுத்துகிட்ட வந்து 'சரி'ன்னு சொல்ல என்னால ஆவல. இருமித்தான் காட்டுனேன். நீ போய்ட்ட. நான் எங்கியும் போறதில்லடி. யாராச்சும் இந்தப் படி தாண்டி உள்ள வந்து கூப்புட்டாத்தான் எனக்கு வெளிய போவ ஒரு மனசு வரும். கூப்புடறவளுக்கே கால் முடியலன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ கேட்டியா? காக்காவான்னு கேட்டனுப்புன."

"நீ சொன்னியா? சுளுக்குன்னுதான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டார்கள். பிறகு சைதுன் பீவி பாயில் உட்கார்ந்து, பையிலிருந்து காய்ந்த துணியை எடுத்தாள்.

"சோப்பு எங்க வச்சிருக்க? தண்ணி கொண்டாரச் சொல்லு. விரல் நீலமாச்சின்னா ஒடனே சொல்லணும், ரோசப்பட்டுக்கிட்டு இருக்கக் கூடாது, தெரியிதா? பாதத்துல இறுக்கம், மேல போவப் போவத் தளத்தணும்." வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். "மஞ்சக்குப்பத்துல கண்ணாயிரம்னு ஒருத்தரு இருக்காரு. கூட்டிக்கிட்டுப் போறேன். சிரிப்பாரு, கண்டுக்காத."

"ஒரு காலுக்குத்தான இருக்கு. இன்னொன்னுக்கு?"

"வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி வரும்."

ஓ.டி.க்கு வந்து சேர்ந்ததும் நேராகப் பெட்டியைத் திறந்து, மயில் கழுத்துக் கவுனை வெளியே எடுத்தாள். வதூது பதறி எழுந்தான். அதை மட்டும் எதற்கும் வெட்டாமல் பத்திரமாக வைத்திருந்தான். ஒரு நாள் நல்ல விலைக்கு ஜன்னல் திரையாகப் போகும் என்று அவனுக்கு ஒரு யோசனை.

"லாத்தா, அது நல்ல கவுனு! அத எதுக்கு?"

சைதுன் பீவி துப்பட்டியைக் கழற்றிக் கொடியில் போட்டாள். சேலைக் கரையைத் தூக்கிக் காலைக் காட்டினாள். வதூது பார்த்தான்.

"நாந்தான் அப்பவே..."

"சொல்லாத."

"இல்ல லாத்தா, வந்த அன்னைக்கே நான் இழுத்துக் காமிச்சேனா இல்லியா?"

"காமிச்ச. அப்பறம் பானையில ஒட்டுன. புள்ளையத் தரையில எறக்குன. நோன்போட இருக்கறவ மூஞ்சில தேங்காப்பால அடிச்ச. கால் ஒன்னுதான் மிச்சம் இருந்திச்சி, அது மட்டும் ஒன் புத்திக்கு எட்டல. பேசாம அந்தக் கத்திரிக்கோலை எடு. நாலு வெரல் அகலம், நெளியாம வெட்டு."

"நம்ம ஊர்ல எத்தன காலு இருக்கும் லாத்தா? ஒரு யோசன..."

"வதூதூ!"

அவன் வாயை மூடிக்கொண்டு வெட்டினான். துணி நெளிந்தது. உள்ளே ரசியா, இனிமேல் கரித்துணி பருத்தியில்தான் என்று யாருக்கோ கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூங்கவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சிதம்பரத்துக் கடைசித் தெருவில் சைனம்பு வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. அடுப்பு எரியவில்லை.